யாருடைய யாமம்

தில்லி நாடாளுமன்றத் தெருவில் ஜந்தர் மந்தர் வளாகத்துக்குள் நிற்கும் பெரிய சூரியக் கடிகாரம் நம் கைக்கடிகாரத்தோடு ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. இரண்டாம் ஜெய்சிங் 1724இல் கட்டியது. அதன் முக்கோணச் சுவரின் நிழல் உச்சிவேளையைத் தொடும்போது கைக்கடிகாரம் சராசரியாகப் பன்னிரண்டு இருபத்தொன்று காட்டும். நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டு ஐந்து, பிப்ரவரி நடுவில் பன்னிரண்டு முப்பத்தைந்து. கட்டியவர்கள் கணக்கில் பிழையில்லை. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு, அதாவது மிர்சாப்பூர்ப் பக்கம் கடந்துபோகும் ஒரு கோட்டுக்கு உரியது. தில்லி அதற்கு மேற்கே ஐந்து பாகைக்கும் சற்று அதிகமாகத் தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆக, தில்லிக்காரர்களின் கடிகாரம் அவர்களுடைய சூரியனைவிட இருபத்தொரு நிமிடம் முந்தி ஓடுகிறது.

அந்தக் கடிகார நேரம் பிறப்பதும் இதே ஊரில்தான். பூசா வளாகத்திலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகளை எண்ணி ஒரு நொடி என்று சொல்லும் கடிகாரங்கள் நாட்டின் நேரத்தைக் காக்கின்றன. ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், அது இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர். 1906 ஜனவரி 1ஆம் தேதி இந்திய நேரம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு ரயில்கள் மதராஸ் நேரப்படி ஓடின. கல்கத்தா 1948 வரைக்கும் தன் நேரத்தை விடவில்லை. ஒரு நாட்டுக்கு ஒரே நேரம் என்பது நிர்வாகம் எடுத்த முடிவு. சூரியனுக்கு அதில் பங்கில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கடிகாரம் நம் உடம்புக்குள் ஓடுகிறது. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதாலமஸில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரட்சி. ஒரு மனிதனை வெளிச்சமும் கடிகாரமும் இல்லாத அறையில் வைத்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். 1999இல் ஹார்வர்டில் சார்லஸ் செய்ஸ்லர் குழுவினர் அளந்தபோது அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று தெரிந்தது. மிகுதியான அந்தப் பதினொரு நிமிடத்தைத் தினமும் காலை வெளிச்சம் வந்து திருத்துகிறது. விழித்திரையில் உருவம் காண்பதற்கென்று அல்லாமல், எவ்வளவு வெளிச்சம் என்பதை அறிவதற்கென்றே சில அணுக்கள் இருப்பதை 2002இல்தான் விளங்கிக்கொண்டோம். அவை மூளையின் கடிகாரத்துக்கு நேராகச் சேதி அனுப்புகின்றன. எப்போது உடல் சூடு தணியவேண்டும், எப்போது மெலடோனின் சுரக்கவேண்டும், எந்த மணியில் கவனம் கூர்மையாக இருக்கும், எந்த மணியில் கை தடுமாறும் என்பதெல்லாம் இந்தச் சேதியைப் பொறுத்தவை.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் முதலில் மதுரைக்குப் போய்விடுகிறது. எழுபதுகளில் ஜெர்மனியின் டூபிங்கனில் ஆய்வை முடித்துத் திரும்பிய எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வுக்கென ஒரு பள்ளியையே உருவாக்கினார். மனிதர்களை நாட்கணக்கில் தனிமையில் வைத்து ஆராயும் காப்பறை ஒன்றும் அங்கே இருந்தது. பகல் இரவு தெரியாது, வானொலி இல்லை, செய்தித்தாள் இல்லை. தூக்கம் வந்தபோது தூங்கலாம், பசித்தபோது உண்ணலாம். அங்கே தங்கிய பெண் ஒருவரைப் பற்றி அவரும் எல். கீதா, ஜி. மாரிமுத்து முதலியோரும் 1991இல் எழுதிய ஆய்வுரை, அவருடைய மாதவிடாய்ச் சுழற்சி உறக்க-விழிப்புச் சுழற்சியோடு பிணைந்திருக்கவில்லை என்று காட்டியது. ஓர் உடலுக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட காலங்கள் தனித்தனியே நடக்கின்றன.

ஆனால் நான் மறக்காதது அவர்களுடைய வௌவால் ஆய்வைத்தான். மதுரைக்குப் பக்கத்துக் குகையொன்றில் ஒரு சிறு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். குகையின் உள்பகுதியில் எப்போதும் இருட்டு. சூரியன் எழுந்ததும் விழுந்ததும் அதற்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் அது நாள் தவறாமல் மற்ற வௌவால்கள் வெளியே கிளம்பும் நேரத்தில் சிறகடித்தது, அவை திரும்பும் நேரத்தில் அடங்கியது. அதே இன வௌவாலை, வேறு வௌவால்கள் குடியில்லாத குகையில் வைத்தபோது அதன் நாள் நகர்ந்து போனது. முதல் குகையில் அதற்கு நேரம் சொன்னவை சுற்றிலும் எழுந்தும் அடங்கியும் கொண்டிருந்த மற்ற உயிர்கள். 1981இல் இது வெளியானது. உயிர்க்கடிகாரம் என்றதும் நாம் ஒவ்வொருவருக்குள்ளும் தனித்தனியே ஓடும் ஒரு பொறியை நினைத்துக்கொள்கிறோம். மதுரைக் குகை சொல்வது வேறு. யார் எப்போது எழுகிறார்கள், யார் யாரை எழுப்புகிறார்கள் என்பதும் அந்தக் கடிகாரத்தின் ஒரு பகுதி.

தொல்காப்பியம் குறிஞ்சிக்கு யாமத்தையும் முல்லைக்கு மாலையையும் மருதத்துக்கு வைகறையையும் வகுத்தது கவிதைக்காகத்தான். ஆனால் பொழுதை நிலத்தோடும் அங்கே வாழ்கிறவர்களின் தொழிலோடும் சேர்த்தே யோசிக்கும் பழக்கம் நம்மிடம் இருந்ததற்கு அது சாட்சி. இன்றைய உறக்க அறிவுரைகளில் இல்லாமல் போனது இதுதான். பத்து மணிக்குப் படுங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள், அறையை இருட்டாக்குங்கள், குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியான யோசனைகள். ஆனால் ஒரு கதவும் ஒரு ஸ்விட்சும் கேட்பவருக்குச் சொந்தமானவை என்று ஒவ்வொன்றும் எண்ணிக்கொள்கிறது.

*

தில்லியில் இந்த அறிவியலுக்குக் குறைவே இல்லை. பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் வினோத் குமாரும் அவருடைய மாணவர்களும் பறவைகளின் காலவுணர்வைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர்கள். வலசை போகும் பறவைகள் எப்படிப் பகலின் நீளத்தை அளக்கின்றன என்பது அவர்களுடைய பெரிய கேள்வி. கூடவே, நம் வீட்டு மதிலில் வந்து உட்காரும் காகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இரவிலும் வெளிச்சம் அணையாத சூழலில் வைத்த காகங்களுக்கு மூளையில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிதாகப் பிறக்கும் நரம்பணுக்கள் சரியாக முதிரவில்லை, அவற்றின் கிளைகள் செழிக்கவில்லை. கற்றுக்கொள்ளும் தேர்ச்சியும் குறைந்தது. இரவு வெளிச்சத்தில் இருந்தவை சோர்வு நோய்க்கு ஒப்பான நடத்தையையும் காட்டின. காகம் புத்திசாலிப் பறவை. சோதனையில் அது கற்பதையும் தடுமாறுவதையும் அளக்க முடியும். மனிதன் காகமல்ல, இந்த முடிவை அப்படியே நம்மேல் ஏற்றக்கூடாது. ஆனால் நடைபாதையில் எல்.இ.டி. விளக்குக் கம்பத்தின் கீழே, வெளிச்சம் இருந்தால்தான் பாதுகாப்பு என்று அந்த இடத்தையே தேர்ந்து படுக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் காகங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. வெளிச்சம் அவளுடைய உறக்கத்தைக் கெடுக்கிறது, வெளிச்சம்தான் அவளைக் காக்கிறது. இரண்டில் எதை விடுவது என்று ஆய்வகம் சொல்ல முடியாது.

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பீரேந்திர நாத் மல்லிக் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கனவுகள் மிகுதியாக வரும் ரெம் உறக்கத்துக்குக் கொடுத்தார். இந்த உறக்கத்தின்போது மூளைத்தண்டில் நார்அட்ரினலின் சுரக்கும் அணுக்கள் அடங்கிவிடுகின்றன. உறக்கத்தைப் பறித்தால் அவை அடங்குவதில்லை. நார்அட்ரினலின் கூடுகிறது, நரம்பணுக்களின் சுவரில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி ஏற்றும் நொதியின் வேகம் மாறுகிறது, மூளை எளிதில் கிளர்ச்சியுறும் நிலைக்குப் போகிறது. எலிகளில் கண்ட முடிவு இது. அங்கேயே சுஷில் ஜாவின் ஆய்வகம், கற்றது நினைவில் ஊன்றுவதற்கு உறக்கம் எப்படித் துணைசெய்கிறது என்று தேடியது. சரியாகத் தூங்காதவன் எரிந்து விழுகிறான், சொன்னதை மறக்கிறான் என்று நாம் வீட்டில் சொல்வதற்கு அணுவளவில் காரணம் இருக்கிறது. அதை அவனுடைய குணம் என்று முடிவுகட்டிவிடும் முதலாளிகளும் ஆசிரியர்களும் இந்தப் பக்கங்களைப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் உடலியங்கியல் துறையில் வி. மோகன் குமார் செய்த பணி எனக்கு இந்நகரத்தோடு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. ஹைப்போதாலமஸின் முன்புறத்திலுள்ள ப்ரிஆப்டிக் பகுதி உறக்கத்தையும் உடல் வெப்பத்தையும் சேர்த்தே ஆள்கிறது. அவரும் உடன் பணிபுரிந்தவர்களும் எலிகளை வெவ்வேறு வெப்பமுள்ள அறைகளுக்கிடையே விட்டு, எதைத் தேர்கின்றன, எதில் எப்படி உறங்குகின்றன என்று பதிவு செய்தார்கள். உறங்கப் போகும் உடல் முதலில் தன் சூட்டை இறக்கவேண்டும். கைகால்களின் ரத்தநாளங்கள் விரிந்து, உள்ளே இருக்கும் வெப்பம் தோலுக்கு வந்து, தோலிலிருந்து காற்றுக்குப் போகிறது. உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு பாகை தணிந்தால்தான் ஆழ்ந்த உறக்கம் அமைகிறது.

2024 ஜூன் 19 அதிகாலை சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பம் 35.2 பாகை. அந்த இரவில் இதைவிடக் குளிர்ந்த நேரமே இல்லை என்று அதற்குப் பொருள். உறங்கும் மனிதனின் தோல் வெப்பமும் 33 முதல் 35 பாகைதான். தோலும் காற்றும் ஒரே சூட்டில் இருக்கும்போது வெப்பம் எங்கே போகும்? வியர்வை ஒன்றுதான் வழி. அதற்குக் காற்றோட்டமும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். முன்பு தில்லியில் கோடைக்கு மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துக் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பார்கள். பழைய தில்லிக்காரர்கள் அந்த இரவுகளைப் பற்றி ஆசையோடு பேசுவார்கள். இப்போது ஏசி இருப்பவர்கள் உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் அறையிலிருந்து வெளியேற்றிய சூடு சந்துக்கு வருகிறது, சந்தில் படுத்திருப்பவர் மேல் படுகிறது. ஒருவருடைய உறக்கத்தின் கழிவை இன்னொருவர் சுமக்கிறார். நேற்றிரவு நான் நன்றாக உறங்கினேன் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டிய நிலைக்கு இந்த நகரத்தைக் கொண்டுவந்துவிட்டோம்.

*

உறங்க ஓர் இடம் என்பது தில்லியில் விலைக்கு வாங்கும் பண்டம். ஷௌனக் சென் 2015இல் எடுத்த ‘சிட்டீஸ் ஆஃப் ஸ்லீப்’ என்ற ஆவணப்படம் அந்தச் சந்தையைப் பின்தொடர்ந்தது. ஜும்மா மசூதிப் பக்கம் மீனா பஜாரில் கட்டிலும் போர்வையும் இரவு வாடகைக்கு விடுகிறவர்கள், யமுனையின் லோஹா புல் பாலத்துக்குக் கீழே மலிவுக் கட்டணத்தில் படம் போட்டு, படத்தைச் சாக்காக வைத்து ஆட்களைத் தூங்க விடும் கொட்டகை. வீடற்றவர்களைப் பற்றிய படங்கள் பசியைக் காட்டும், குளிரைக் காட்டும். உறக்கத்தைப் பிரித்தெடுத்து, அதற்கென்றே ஒரு பொருளாதாரம் இருப்பதைக் காட்டிய படம் இது. அதைப் பார்த்த பிறகு, படுக்கையில் எட்டு மணி நேரம் என்ற மருத்துவர்களின் கணக்கை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வெகுதூரமில்லாத பூசா சாலை ரவுண்டானாவில், 2009 டிசம்பரில், கடுங்குளிரில், வீடற்றவர்கள் படுத்திருந்த தற்காலிக இரவுக் காப்பகத்தை மாநகராட்சி அகற்றியது. செய்தி வெளியானதும் தில்லி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றத்திலும் விவகாரம் எழுந்தது. ஒரு லட்சம் நகரவாசிகளுக்கு ஒரு காப்பகம் என்ற அளவு பேசுபொருளானது அந்தக் காலத்தில்தான். தில்லியில் ‘ரைன் பசேரா’ என்ற இரவுக் காப்பகப் பலகைகள் கூடியதற்கு அந்தக் குளிர்காலம் ஒரு காரணம். நொடியின் கோடியில் ஒரு பங்கைக்கூடத் தவறவிடாத கடிகாரங்களுக்குப் பக்கத்தில், இரவு என்றால் என்னவென்று நீதிமன்றம் மாநகராட்சிக்கு எடுத்துச் சொல்லவேண்டி இருந்தது.

அடுத்த வழக்கு இன்னும் முக்கியமானது. 2011 ஜூன் 4 நள்ளிரவைத் தாண்டி, ராம்லீலா மைதானத்தில் பாபா ராம்தேவின் உண்ணாவிரதப் பந்தலில் உறங்கிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் தடியும் கண்ணீர்ப் புகையுமாக எழுப்பி விரட்டியது. அதில் காயமுற்ற ஒரு பெண் சில மாதங்களுக்குப் பிறகு இறந்துபோனார். அந்தப் போராட்டத்தின் அரசியல் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2012 பிப்ரவரி 23 தீர்ப்பில் நீதிபதி பி.எஸ். சௌஹான் தனியே எழுதிய பகுதியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். உறக்கம் ஆடம்பரமல்ல, உயிர்வாழ இன்றியமையாத தேவை; அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமைக்குள் அதுவும் அடங்கும்; உறங்கிக்கொண்டிருக்கும் மனிதனைக் காரணமின்றி எழுப்புவது அந்த உரிமையில் கைவைப்பது என்று அவர் வாதத்தைக் கட்டியிருந்தார். உறக்கம் குலைந்தால் உடலுக்கும் மனத்துக்கும் என்ன ஆகும் என்பதையும் எடுத்து எழுதியிருந்தார். உடலியங்கியல் நூலில் வரவேண்டிய வரிகள் ஒரு தீர்ப்பில் வந்திருப்பது பெரிய விஷயம். ஒரு பந்தலில் ஓர் இரவுக்கு அது பொருந்துமென்றால், ஒரு சேரியில் எல்லா இரவுகளுக்கும் ஏன் பொருந்தாது என்ற கேள்வியை யாராவது அந்த வரிகளின் மேல் நின்று எழுப்பியாக வேண்டும்.

*

உறக்கமும் அறிவுத்திறனும் ஏழ்மையும் சந்திக்கும் இடத்தை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு சென்னையில் நடந்தது. பெத்ரோ பெஸோனே, கௌதம் ராவ், ஃப்ராங்க் ஷில்பாக், ஹெதர் ஷோஃபீல்ட், மேட்டி டோமா ஆகிய பொருளாதார அறிஞர்கள் அதை 2021இல் வெளியிட்டார்கள். குறைந்த வருமானமுள்ள 452 பேர். ஒரு மாதம் கணினியில் தரவு ஏற்றும் வேலை, வேலைக்கேற்பக் கூலி. மணிக்கட்டில் கட்டிய கருவி அவர்களுடைய உறக்கத்தை அளந்தது. முதல் அதிர்ச்சி அங்கேயே வந்தது. இரவில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் படுத்திருந்தார்கள். உறங்கியது ஐந்தரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் புரண்டது, கொசு அடித்தது, குழந்தைக்கு எழுந்தது, தெருச் சத்தத்துக்கு விழித்தது.

ஒரு பகுதியினருக்கு உறக்கம் பற்றி விளக்கி, மின்விசிறி, மெத்தை, கண்பட்டை, காதடைப்பான் போன்றவற்றைக் கொடுத்து ஊக்குவித்தார்கள். இரவு உறக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையில், கவனத்தில், மனநிலையில் அதனால் எந்த மாற்றமும் தெரியவில்லை. இன்னொரு ஏற்பாடு எளிமையானது. பணியிடத்திலேயே அமைதியான இடத்தில் மதியம் அரைமணி நேரம் தூங்கவிட்டார்கள். அது வேலை செய்தது. கவனம் கூடியது, மனநிலை தேறியது, வேலையின் வேகம் ஏறியது, நாளைக்கென்று சேமித்து வைக்கும் பொறுமைகூட வளர்ந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த அரைமணி நேரமும் வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கும் கூலி, தூங்கியதால் கூடிய வேகத்தின் கூலியைவிட அதிகம். தூக்கம் லாபமா நஷ்டமா என்று பணத்தால் மட்டும் கணக்குப் போட்டால் ஏழைக்கு அது நஷ்டம்தான். மதியத் தூக்கத்தை அவர் தன் கைக்காசு போட்டு வாங்கவேண்டும்.

ஆய்வாளர்கள் எச்சரிக்கையோடு பேசுகிறார்கள். நான் இதில் பார்ப்பது இது. துண்டு துண்டாக உடைந்த உறக்கத்தோடு இன்னும் இருபத்தேழு நிமிடத் துண்டுகளைச் சேர்த்தால் அது முழு உறக்கமாகிவிடுவதில்லை. நல்ல இடத்தில், யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு கிடைத்த அரைமணி நேரம் வேறு வகையானது. மெத்தையையும் காதடைப்பானையும் வீட்டுக்கு அனுப்பலாம். வீட்டைச் சுற்றியிருக்கும் இரவை அனுப்ப முடியாது.

மௌலிக் ஜக்னானி என்ற பொருளியலாளரின் ஆய்வு குழந்தைகளைப் பற்றியது. நாடு முழுக்க ஒரே நேரம். ஆகவே மேற்கே போகப்போகக் கடிகாரக் கணக்கில் சூரியன் தாமதமாக மறைகிறது. பள்ளி மணி மட்டும் எங்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடிக்கிறது. சூரிய மறைவு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் குழந்தைகளின் உறக்கம் ஏறத்தாழ அரைமணி குறைகிறது. அந்த இடங்களின் பிள்ளைகள் படிக்கும் மொத்த ஆண்டுகளும் சராசரியாக 0.8 ஆண்டு குறைகின்றன. ஏழைப் பிள்ளைகளிடம் இழப்பு கூடுதல். இருட்டு வந்த பின்னும் சத்தமும் சூடும் அடங்காத அறையில் பிள்ளையைச் சீக்கிரம் தூங்கவைக்கத் தாயால் முடிவதில்லை. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 2018இல் நாட்டுக்கு இரண்டு நேரங்கள் வேண்டும் என்று கட்டுரை எழுதினார்கள். 89 பாகை 52 கலைக்குக் கிழக்கே ஒரு மணி நேரம் முன்னால் வைக்கலாம் என்பது அவர்கள் யோசனை. அசாமுக்கு அது நியாயம். அங்கே தேயிலைத் தோட்டங்கள் தமக்கென்று ஒரு மணி முந்திய ‘பாகான் நேரம்’ வைத்துக்கொண்டு பல தலைமுறைகள் ஆகின்றன. ஆனால் தில்லியின் இருபத்தொரு நிமிடத்தை அது தொடாது. ஜனவரியில் ஏழேகாலுக்குச் சூரியன் எழும் இந்த ஊரில் பள்ளி மணியைத் தள்ளி வைக்கச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை, மனம் இருந்தால் போதும்.

*

2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்க்புராவில் பாராபுலா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவின்படி, வடிகாலைத் தூர்வார. ஏறத்தாழ 370 குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள். பல பத்தாண்டுகளாக அங்கேயே இருந்தவர்கள். 189 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று முடிவாகி, சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால் வடமேற்கு எல்லையில் நரேலாவில் அடுக்ககம் ஒதுக்கப்பட்டது. வடிகால் அடைத்துக்கொண்டால் மழையில் வெள்ளம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. நிரந்தரச் சுவரும் கூரையும் உள்ள வீடு, தகரக் கூரைக்கு மேலானது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களில் பெரும்பான்மையோர் ஜங்க்புரா, போகல், லாஜ்பத் நகர் வீடுகளில் வேலை செய்தவர்கள். ஏழரை மணிக்குக் காப்பி கேட்கும் வீட்டில் ஏழு மணிக்கு இருக்கவேண்டும். கேம்ப்பிலிருந்து பத்து நிமிட நடை. நரேலாவிலிருந்து?

வீட்டுவேலை செய்யும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து அக்கா ஒருவரிடம், இவர் வேறொரு குடியிருப்பில் இருக்கிறவர், தூக்கம் எப்படி என்று கேட்டேன். “படுத்தாத் தூக்கம் வந்துடும் சார். படுக்கறதுதான் எப்பன்னு தெரியல” என்றார். அவருடைய மூளையின் கடிகாரம் செம்மையாகவே ஓடுகிறது என்று எந்த ஆய்வாளரும் சான்று கொடுப்பார். அவருக்குத் தூக்கமின்மை என்ற நோய் கிடையாது. இரவு கடைசி வீட்டில் பாத்திரம் துலக்கி முடித்து வருவதற்கும் விடியலில் முதல் வீட்டுக்குக் கிளம்புவதற்கும் இடையில் சமையல், தண்ணீர் பிடித்தல், மகனின் சீருடை எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவருடைய யாமம். அமெரிக்கர்களின் நேரச் செலவைப் பற்றிய ஆய்வுகள், உறக்கத்தை முதலில் தின்பவை வேலை நேரமும் வேலைக்குப் போய்வரும் பயண நேரமும் என்று காட்டியிருக்கின்றன. இந்த அக்காவுக்கு அது புதுச் செய்தியாக இருக்காது.

அந்த மதுரை வௌவாலை நினைத்துக்கொள்கிறேன். கூட்டம் எழுந்தபோது அது எழுந்தது. நகரமும் அப்படித்தான் ஒருவர் எழுவதை இன்னொருவர் மேல் ஏற்றுகிறது. அலுவலகம் ஒன்பதரைக்கு என்றால் அதிகாரி எட்டுக்குச் சாப்பிடவேண்டும், சமைப்பவர் ஏழுக்கு வரவேண்டும், சமைப்பவரின் மகள் ஐந்துக்கு எழுந்து தம்பிக்குச் சோறு கட்டவேண்டும். குடியிருப்பின் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கும் சௌக்கிதார், குர்காவ்னில் நியூயார்க்கின் பகலை இரவில் வாழும் கால்சென்டர்ப் பிள்ளைகள், ஆசாத்பூர் மண்டியில் நள்ளிரவில் லாரி இறக்குபவர்கள் என்று அந்தச் சங்கிலி நீண்டுபோகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் எழும் நேரம் இன்னும் முன்னே தள்ளப்படுகிறது. கடைசியில் நிற்பவர் நடுநிசியில் எழுகிறார். இதற்கு அவருடைய ஒழுக்கத்தைத் திருத்துவது தீர்வாகாது; சங்கிலியின் மேல்நுனியில் இருப்பவர்கள் எப்போது எதைக் கேட்கிறார்கள் என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும். அந்த மேல்நுனியில் நானும் இருக்கிறேன், இதைப் படிக்கும் பலரும் இருப்பீர்கள்.

தில்லியில் உறக்கத்தை அளக்கத் தெரிந்தவர்களும் இடங்களை ஒதுக்கும் அதிகாரமுள்ளவர்களும் ஒரே மெட்ரோ வலைக்குள் இருக்கிறார்கள். மணிக்கட்டுக் கருவி விலையுயர்ந்ததல்ல. இரவுக் காப்பகத்தில் எத்தனை பேர் படுத்தார்கள் என்ற பதிவேட்டோடு, அவர்களில் சம்மதிப்பவர்கள் எத்தனை மணி நேரம் உறங்கினார்கள் என்றும் பார்க்கலாம். எந்த விளக்கை அணைக்கலாம், எதை அணைக்கக்கூடாது என்று அங்கே படுக்கும் பெண்களிடமே கேட்கலாம். ஒரு குடியிருப்பை இடம் மாற்றும்போது வீட்டின் சதுர அடியையும் குடிநீர் இணைப்பையும் எழுதும் அதே தாளில் இன்னும் சில வரிகளுக்கு இடம் விடலாம். நரேலாவில் முதல் பேருந்து எத்தனை மணிக்கு, ஜங்க்புராவுக்கு அது எப்போது வந்து சேரும், அதைப் பிடிப்பதற்கு அந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்குப் போடவேண்டும். இந்தக் கட்டங்கள் நிரம்பாத கோப்பில் எந்த அதிகாரியும் கையெழுத்திடக்கூடாது.